ரூட்டர் மாற்றியபின் ரிமோட் டெஸ்க்டாப் எடுக்கவில்லை (வீட்டுக்குள்ளேயும் இல்லை, வெளியிலிருந்தும் இல்லை)

#1 தறிநூல்

வணக்கம். பழைய ரூட்டர் போயிடுச்சு, புதுசு மாட்டியாச்சு. எல்லாச் சாதனத்திலும் நெட் வருது, வேகமும் குறை இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் (லேப்டாப்பில் உட்கார்ந்தே மேசைக் கணினியின் திரையை இயக்கும் விண்டோஸ் வசதி) மட்டும் எடுக்க மாட்டேங்குது.

மேசைக் கணினி: விண்டோஸ் 11 ப்ரோ, ரூட்டரோடு கேபிளில். லேப்டாப்: விண்டோஸ் 11 ஹோம், வைஃபை. பழைய ரூட்டர் 192.168.1.1, மேசைக் கணினி 192.168.1.50. வெளியே போனால் பழைய ரூட்டரிலேயே இருந்த ஓப்பன்விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய குழாய், அதாவது ஒரு விபிஎன்) வழியாக உள்ளே வருவது வழக்கம்.

புது ரூட்டர் 192.168.0.1. இதில் விபிஎன் சர்வர் வசதி இல்லை. அதனால் வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே ஒரு கணினிக்குத் தள்ளும் போர்ட் ஃபார்வர்டிங்கில், ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல் எண்ணான 3389ஐத் திறந்தேன். 192.168.1.50 என்று கொடுத்தால் ரூட்டர் ஏற்கவில்லை, 192.168.0.50 என்று கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. பழைய ஐகானை அழுத்தினால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இணைக்க முடியவில்லை என்று நிற்கிறது. எங்கே தொடங்கணும்?

#2 சிலந்தி72

ரொம்ப சுலபம்ங்க. புது ரூட்டரோட லேன் (வீட்டுப் பக்க) அட்ரஸை 192.168.1.1ன்னு மாத்திடுங்க. எல்லாம் பழைய எண்ணுக்கே திரும்பிடும், ஐகானும் வேலை செய்யும். ரெண்டு நிமிஷ வேலை.

#3 கம்பிச்சுருள்

தறிநூல், அதை இப்போது செய்ய வேண்டாம். சிலந்தி சொல்வது பல வீடுகளில் சரியாக வரும். ஆனால் புது ரூட்டரின் வான் (இணையப்) பக்கம் என்ன எண் இருக்கிறது என்று பார்க்காமல் லேன் பக்கத்தை மாற்றினால் இருக்கிற நெட்டும் போய்விடலாம்.

வெளியிலிருந்து வருவதைக் கொஞ்சம் மறந்துவிடுங்கள். வீட்டுக்குள் ஓடாத இணைப்பு வெளியிலிருந்து ஓடவே ஓடாது. கணினி, பிறகு லேன், பிறகு ரூட்டரின் வான் பக்கம், கடைசியில்தான் வெளியுலகம். இந்த வரிசையை மாற்றினால் ஒரே நேரத்தில் நான்கு கோளாறுகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதலில் மேசைக் கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல். ஈதர்நெட் என்ற பகுதியில் ஐபிவி4 முகவரி, டிஃபால்ட் கேட்வே, பிசிக்கல் அட்ரஸ் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 192.168.0.50 என்று நீங்களாகக் கொடுத்தீர்களே, கடைசி எண் அப்படியே தொடரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புது ரூட்டரில் எண்களைப் பங்கிடும் டிஹெச்சிபி தன் பட்டியலிலிருந்து ஏதோ ஒரு எண்ணைத்தான் கொடுத்திருக்கும். அந்த .50இல் இப்போது யாருமே இல்லாமல் இருக்கலாம், உங்கள் டிவி உட்கார்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

பிறகு லேப்டாப்பில் பவர்ஷெல் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன், அந்தப் புது எண், -போர்ட் 3389. கடைசி வரியில் ட்ரூ வருகிறதா ஃபால்ஸ் வருகிறதா?

ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி என்ன? இந்த மூன்றையும் போடுங்கள்.

#4 தறிநூல்

கணினி எண் 192.168.0.37, கேட்வே 192.168.0.1. நீங்க சொன்னது சரி, .50 இல்லவே இல்லை. டெஸ்ட் ஃபால்ஸ். பிங் அடிச்சாலும் டைம்அவுட். ரூட்டர் வான் ஐபி 192.168.1.2ன்னு காட்டுது.

#5 கம்பிச்சுருள்

192.168.1.2. இதற்காகத்தான் நிறுத்தச் சொன்னேன். உங்கள் ரூட்டருக்கு மேலே இருக்கும் ஃபைபர் பெட்டி தானே ஒரு ரூட்டராக ஓடுகிறது, அதன் லேன் 192.168.1.1. லேன் பக்கத்தையும் 192.168.1.1 என்று மாற்றியிருந்தால் ரூட்டரின் இரு பக்கமும் ஒரே நெட்வொர்க் ஆகியிருக்கும். எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. இந்த மோதலைத் தவிர்க்கவே சில ரூட்டர்கள் மாட்டிய உடனே தானாக வேறு எண்ணுக்கு மாறிக்கொள்கின்றன. உங்கள் ரூட்டர் 192.168.0.1இல் இருப்பதும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

பழைய ஏற்பாட்டில் ஃபைபர் பெட்டி ப்ரிட்ஜ் மோடில் (தான் ரூட்டராக ஓடாமல் இணைப்பை அப்படியே கடத்தும் நிலையில்) இருந்திருக்க வேண்டும். ரூட்டர் மாற்றியபோது அதையும் யாராவது ரீசெட் செய்திருப்பார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

இப்போது லேன். ரூட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் பக்கம் போய், குறித்து வைத்த பிசிக்கல் அட்ரஸுக்கு 192.168.0.37ஐயே நிரந்தரமாக ஒதுக்குங்கள். கணினிக்குள் கையால் ஸ்டாடிக் எண் போடாதீர்கள். அடுத்த முறை ரூட்டர் மாறினால் அந்தக் கணினிக்கு நெட்டே வராமல் போகலாம். வைஃபையில் இருக்கும் கணினிக்கு ரிசர்வேஷன் போடுகிறவர்கள் விண்டோஸில் ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் என்ற வசதியை அந்த நெட்வொர்க்குக்கு அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பிசிக்கல் அட்ரஸே மாறிக்கொண்டிருக்கும்.

அடுத்து, கேட்வே மாறினால் விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க் என்று எண்ணும். புது நெட்வொர்க்கைப் பப்ளிக் என்றுதான் குறித்துக்கொள்ளும். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட். அங்கே ப்ரைவேட் என்று மாற்றுங்கள். பிறகு நெட்ஸ்டாட் -ஏஎன் கொடுத்து 3389க்கு நேரே லிஸனிங் (அழைப்புக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம்) இருக்கிறதா என்று பாருங்கள்.

லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இல்லைதானே? கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் லேன் சாதனங்களைத் தொடவே விடாது.

#6 தறிநூல்

கெஸ்ட் இல்லை. பப்ளிக்காகத்தான் இருந்தது, ப்ரைவேட் ஆக்கிட்டேன். இப்போ பிங் பதில் வருது. லிஸனிங்கும் இருக்கு. ரிசர்வேஷன் போட்டாச்சு. ஆனா 3389 டெஸ்ட் இன்னும் ஃபால்ஸ்தான். ஐகான்ல எண்ணை மாத்தியும் அதே சுத்தல்.

#7 சிலந்தி72

ஹோம் எடிஷன்ல ரிமோட் டெஸ்க்டாப் வராதுங்களே, லேப்டாப் ஹோம்னு சொன்னீங்க.

#8 பூட்டுசாவி

ஹோம் எடிஷனுக்குள் *போக* முடியாது. ஹோமிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகலாம். மேசைக் கணினி ப்ரோ என்பதால் அதில் பிரச்சினை இல்லை.

தறிநூல், உங்கள் அறிகுறியைக் கவனியுங்கள். உடனே மறுப்பு வந்தால் பாக்கெட் கணினியை அடைந்தது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்று அர்த்தம். நீங்கள் சொல்வது "சுற்றுகிறது". அதாவது பாக்கெட்டை யாரோ ஓசையில்லாமல் விழுங்குகிறார்கள். பிங் வருகிறது, லிஸனிங் இருக்கிறது, எனவே விழுங்குவது அந்தக் கணினிக்குள் வருவதை வடிகட்டும் ஃபயர்வால்தான்.

ரூல் இயங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி பக்கம் போய், இன்பவுண்ட் ரூல்ஸில் "ரிமோட் டெஸ்க்டாப் - யூசர் மோட் டிசிபி-இன்" மேல் இரட்டைச் சொடுக்கு. ஸ்கோப் என்றொரு தாவல் இருக்கும். அதில் கீழ்ப்பகுதியில் ரிமோட் ஐபி அட்ரஸ். என்ன எழுதியிருக்கிறது?

பழைய ஏற்பாட்டை விபிஎன்னோடு கவனமாக அமைத்தவர் இதைப் பூட்டி வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

#9 தறிநூல்

அய்யோ, ஆமாங்க. 192.168.1.0/24, 10.8.0.0/24 ரெண்டு வரி இருக்கு!

#10 பூட்டுசாவி

நல்ல வேலை செய்திருக்கிறார், யாராக இருந்தாலும். முதல் வரி பழைய லேன் (/24 என்றால் முதல் மூன்று எண்ணும் ஒன்றாக உள்ள முகவரிகள் எல்லாம்), இரண்டாவது ஓப்பன்விபிஎன் வழக்கமாகக் கொடுக்கும் வரம்பு. லேப்டாப் இப்போது 192.168.0 வரம்பிலிருந்து வருவதால் ரூல் அதைச் சேர்க்கவில்லை. பச்சை டிக் இருக்கும், ஆனால் கதவு திறக்காது. ரூட்டர் மாற்றியபின் வரும் சிக்கல்களில் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான், ஏனென்றால் பட்டியலில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

இரண்டையும் நீக்கிவிட்டு, ஆட் அழுத்தி, ப்ரீடிஃபைன்டு செட் என்பதில் லோக்கல் சப்நெட் தேர்ந்தெடுங்கள். எண் எழுதாமல் இப்படி வைத்தால் அடுத்த ரூட்டர் எந்த எண்ணில் வந்தாலும் ரூல் தானே ஒத்துப்போகும். யுடிபி-இன் என்று இன்னொரு ரூல் கீழேயே இருக்கும், அதிலும் இதே மாற்றம். ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பைத் தொடங்குவது டிசிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் முறை), படத்தை வேகமாக அனுப்ப யுடிபி (அப்படிச் சரிபார்க்காத முறை) 3389ஐயும் பயன்படுத்தும்.

#11 தறிநூல்

டெஸ்ட் ட்ரூ! ஆனா உள்நுழையும் இடத்தில் தினமும் போடுற பின் நம்பரைப் போட்டா தப்புங்குது. மைக்ரோசாஃப்ட் கணக்கு.

#12 நடுச்சாமமணி

பின் என்பது அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து போடுவதற்கு மட்டும்தான். ரிமோட்டில் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்கணும். பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரி. அதுவும் ஏற்கலைன்னா முன்னால் மைக்ரோசாஃப்ட்அக்கவுண்ட் என்று எழுதி ஒரு பின்சாய்வுக்கோடு, அப்புறம் மின்னஞ்சல்.

அதையும் தப்புன்னு சொன்னா: பின் மட்டுமே போட்டுப் பழகிய கணினிக்கு உங்கள் கடவுச்சொல்லே தெரியாமல் இருக்கும். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய் "விண்டோஸ் ஹலோ மட்டும்" என்ற சுவிட்சை அணைங்க. சைன்-அவுட் பண்ணி, அந்தக் கணினியிலேயே ஒருமுறை கடவுச்சொல் போட்டு உள்ளே வாங்க. அதற்கப்புறம் ரிமோட்டில் ஏற்கும். கடவுச்சொல்லே இல்லாத லோக்கல் கணக்கு என்றால் விண்டோஸ் ரிமோட்டில் விடாது, ஒன்று வைத்தே ஆகணும்.

#13 தறிநூல்

ஒருமுறை கடவுச்சொல் போட்டு உள்ளே வந்தேன், அதற்கப்புறம் லேப்டாப்பிலிருந்து எடுத்துக்கிச்சு. வீட்டுக்குள் எல்லாம் சரி. இனி வெளியிலிருந்து. ஃபார்வர்டிங்கில் .50ஐ .37 ஆக்கினேன், இன்னும் வரலை.

#14 சிலந்தி72

ஃபைபர் பெட்டியில டிஎம்இசட் ஆன் பண்ணி 192.168.1.2ஐக் கொடுங்க. மேல வர்றது எல்லாம் உங்க ரூட்டருக்கு இறங்கிடும், அது 3389ஐக் கணினிக்குத் தள்ளிடும். பயமா இருந்தா வெளிப்போர்ட்டை 33890ன்னு மாத்திக்குங்க.

#15 பூட்டுசாவி

சிலந்தி சொல்லும் பாதை நெட்வொர்க்காகப் பார்த்தால் சரிதான், இரட்டை நாட் (பல சாதனங்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் ரூட்டர் வேலை நாட், அது இங்கே இரண்டு முறை நடக்கிறது) என்பதைத் தாண்ட அது ஒரு வழி. ஆனால் முடிவில் நிற்பது இணையத்துக்கு நேராகத் திறந்த ரிமோட் டெஸ்க்டாப். அதற்கு என் வாக்கு இல்லை.

3389ஐத் தேடி இணையம் முழுவதும் நிரல்கள் ஓய்வில்லாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. போர்ட் எண்ணை மாற்றினால் இரைச்சல் குறையும், பாதுகாப்பு கூடிவிடாது. 65,535 போர்ட்டையும் வருடிப் பார்ப்பது இன்று பெரிய வேலையில்லை. 2019 மே மாதம் வெளியான ப்ளூகீப் ஓட்டையை நினைவில் வையுங்கள், சிவிஇ-2019-0708. கடவுச்சொல்லே தேவைப்படாமல் உள்ளே புக முடிந்தது. ஆதரவு எப்போதோ முடிந்துபோன எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதற்காகப் பேட்ச் கொடுத்தது. விண்டோஸ் 11ஐ அது தொடவில்லை, உண்மைதான். ஆனால் அடுத்தது எதைத் தொடும் என்று யார் சொல்வது?

இன்னொன்று: பழைய ஸ்கோப்பை லோக்கல் சப்நெட் என்று மாற்றினோமே, வெளியிலிருந்து வரும் முகவரி அதில் அடங்காது. டிஎம்இசட் போட்டாலும் கணினியிலேயே நிற்கும். இது வேண்டுமென்றே வைத்த பூட்டு, அப்படியே இருக்கட்டும்.

#16 கம்பிச்சுருள்

அதற்கு முன் இன்னும் ஒரு எண் வேண்டும். ஃபைபர் பெட்டிக்குள் உள்நுழைந்து *அதன்* வான் ஐபியைப் பாருங்கள். அப்புறம் என் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரியும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றா?

#17 தறிநூல்

பெட்டியில் 100.83 என்று தொடங்குது. தளத்தில் வேற எண், 100 இல்லை. இணைப்புத் திட்டமும் இதே சமயத்தில்தான் மாறினது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

#18 கம்பிச்சுருள்

உண்டு, பெரும்பாலும் அப்போதுதான் மாற்றியிருப்பார்கள். 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள எண்கள் இதற்கென்றே 2012இல் ஆர்எஃப்சி 6598 மூலம் ஒதுக்கப்பட்டவை. சிஜிநாட் என்பார்கள். ஐபிவி4 முகவரிகள் போதாததால், ஒரு பொது முகவரியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை உட்காரவைக்கும் ஏற்பாடு.

உங்கள் நிலையில் மூன்று அடுக்கு நாட் இருக்கிறது: உங்கள் ரூட்டர், ஃபைபர் பெட்டி, சேவையாளரின் கருவி. முதல் இரண்டும் உங்கள் கையில். மூன்றாவதில் நீங்கள் ரூல் எழுத முடியாது. ஆகவே டிஎம்இசட், ஃபார்வர்டிங், டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரிக்கு மாறாத பெயர் தரும் சேவை) எதைப் போட்டாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டு வாசலுக்கே வராது. ஃபைபர் பெட்டியைத் திரும்ப ப்ரிட்ஜ் ஆக்கினாலும் ஒரு அடுக்குதான் குறையும்.

சேவையாளரிடம் பொது ஐபி கேட்டு வாங்கலாம். சிலர் தனிக் கட்டணம் கேட்பார்கள், சிலர் தரவே மாட்டார்கள். அது கிடைத்தால் வீட்டில் ஒரு கருவியில் வயர்கார்டு என்ற விபிஎன்னை ஓட்டி, யுடிபி 51820ஐ மட்டும் திறந்தால் போதும். வயர்கார்டு, சாவி தெரியாதவனுக்குப் பதிலே சொல்லாது, வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமில்லாதது போலத் தெரியும். முகவரிப் பஞ்சமில்லாத ஐபிவி6 வழியும் உண்டு, ஆனால் நீங்கள் வெளியே இருக்கும் இடத்திலும் ஐபிவி6 வேண்டும், முகவரி முன்னொட்டு மாறிக்கொண்டிருந்தால் அதையும் துரத்த வேண்டும். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

பொது ஐபி இல்லாமலே முடிக்க வேண்டுமானால், இரு முனையும் உள்ளிருந்து வெளியே பேசி நடுவில் சந்திக்கும் விபிஎன். டெய்ல்ஸ்கேல் அந்த வகை.

#19 நடுச்சாமமணி

டெய்ல்ஸ்கேல் என்றால் நான்கு இடத்தில் கவனம் வேணும், மற்றது எல்லாம் நிறுவி உள்நுழைவதுதான்.

இரண்டு கணினியிலும் ஒரே கணக்கில் உள்நுழைங்க. ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் ஒரு எண் கிடைக்கும். மேலே கம்பிச்சுருள் சொன்ன அதே வரம்புதான், குழம்ப வேண்டாம், இது உங்கள் சாதனங்களுக்குள் மட்டும் செல்லும் எண்.

மேசைக் கணினியில் ட்ரே ஐகானில் வலச்சொடுக்கு, ப்ரிஃபரன்சஸ், ரன் அன்அட்டெண்டட். இதை விட்டால் விண்டோஸ் அப்டேட் நள்ளிரவில் ரீஸ்டார்ட் ஆன பிறகு, யாராவது நேரில் வந்து உள்நுழையும்வரை டெய்ல்ஸ்கேல் எழாது. நீங்க வெளியே இருப்பீங்க, அது உள்ளே தூங்கும்.

இணையத்தில் நிர்வாகப் பக்கம் போய் அந்தக் கணினிக்கு டிசேபிள் கீ எக்ஸ்பைரி. இல்லைன்னா வழக்கமான கெடு 180 நாள், அதற்கப்புறம் ஒருநாள் திடீர்னு வெளியே தள்ளிவிடும். அந்தக் கணக்கிற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம், ஏன்னா இனி அதுதான் வீட்டுச் சாவி.

லேப்டாப்பை வீட்டு வைஃபையிலிருந்து கழற்றி, ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் போட்டுத்தான் சோதிக்கணும். டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன், மேசைக் கணினியின் 100 எண், -போர்ட் 3389. ஃபால்ஸ் வந்தா ஸ்கோப்பில் லோக்கல் சப்நெட்டுக்குக் கீழே லேப்டாப்பின் 100 எண்ணை மட்டும் சேருங்க. முழு வரம்பையும் சேர்க்க வேண்டாம்.

ரூட்டரில் போட்ட 3389 ஃபார்வர்டிங்கை அழிச்சிடுங்க. வேலைக்கு ஆகாத ரூல்னு விட்டுவைத்தால், நாளைக்கே பொது ஐபி வந்தால் அது உயிர் பெறும்.

#20 தறிநூல்

ஹாட்ஸ்பாட்டில் எடுத்துக்கிச்சு! ஃபார்வர்டிங் அழிச்சாச்சு. இரண்டு குறை. ஒன்று, சில நேரம் படம் உறைஞ்சு நின்னு சில நொடி கழிச்சு ஓடுது. இரண்டு, அரை மணி நேரம் விட்டுட்டு வந்தா இணைப்பே கிடைக்கலை, வீட்டில் யாராவது மவுஸை ஆட்டினா உடனே வருது.

#21 நடுச்சாமமணி

இரண்டாவது நெட்வொர்க் கோளாறே இல்லை, கணினி தூங்குது. நிர்வாகி உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி /சேஞ்ச் ஸ்டாண்ட்பை-டைம்அவுட்-ஏசி 0. மானிட்டர் அணைவதை விட்டுவிடலாம், அது இதைப் பாதிக்காது. தூங்கவிட்டு வேக்-ஆன்-லேனில் எழுப்பலாம்னு தோணும். அந்த எழுப்பும் பாக்கெட் லேனுக்குள் ஒலிபரப்பாகப் போகிறது, தூங்குகிற கணினியில் டெய்ல்ஸ்கேலும் தூங்குது, எனவே வெளியிலிருந்து நேராக எட்டாது. எப்போதும் விழித்திருக்கும் இன்னொரு சின்னக் கருவி லேனில் இருந்தால்தான் அந்த வழி.

முதலாவதுக்கு, டெய்ல்ஸ்கேல் ஸ்டேட்டஸ் என்று கட்டளை கொடுங்க. மேசைக் கணினிக்கு நேரே டைரக்ட்டா, ரிலேயா?

#22 தறிநூல்

டைரக்ட்னு காட்டுது. தூக்கம் நிறுத்தியாச்சு, இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தேன், வந்துச்சு.

#23 நடுச்சாமமணி

ரிலே என்றால் நடுவில் ஒரு சர்வர் வழியாகச் சுற்றி வருவதால் மந்தமாகும், உங்களுக்கு அது இல்லை. அப்போ ரிமோட் டெஸ்க்டாப்பின் யுடிபி பக்கத்தைச் சந்தேகப்படலாம். விபிஎன் குழாய்க்குள் யுடிபி ஓடும்போது சில இணைப்புகளில் இப்படித் திணறும். லேப்டாப் ஹோம் என்பதால் குரூப் பாலிசி எடிட்டர் இருக்காது, ரெஜிஸ்ட்ரியில்தான் செய்யணும். ஹெச்கேஎல்எம், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, டெர்மினல் சர்வீசஸ், க்ளையண்ட். அங்கே எஃப்க்ளையண்ட்டிஸேபிள்யுடிபி என்ற பெயரில் 32 பிட் டிவேர்டு, மதிப்பு 1. க்ளையண்ட் என்ற சாவி இல்லைன்னா உருவாக்கிக்குங்க. பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதுசாகத் திறங்க. படம் ஒரு துளி மென்மை குறையும், உறைவது நிற்கணும். நிற்கலைன்னா மதிப்பை 0 ஆக்கிடுங்க, உறைவதற்குக் காரணம் அது இல்லைன்னு அர்த்தம்.

#24 தறிநூல்

நின்னுடுச்சு. ஒரு மணி நேரமா ஓடுது, ஒருமுறைகூட உறையலை. கடைசியா ஒன்று: அந்த இரட்டை நாட் ஏற்பாட்டை அப்படியே விடலாமா?

#25 கம்பிச்சுருள்

ரிமோட்டுக்கு அதனால் கேடில்லை, விடலாம். கேம் கன்சோலோ வேறு ஏதாவதோ நாட் பற்றிப் புகார் செய்தால் புது ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள். அப்போது எண் கொடுப்பது ஃபைபர் பெட்டியின் வேலை ஆகும், எல்லாம் 192.168.1 வரம்புக்குத் திரும்பும். ரிசர்வேஷனை அந்தப் பெட்டியில் மறுபடி போட வேண்டும், விண்டோஸ் மறுபடி பப்ளிக் என்று குறித்துக்கொள்ளவும் கூடும். ஃபயர்வால் ஸ்கோப்பைத் தொட வேண்டாம், லோக்கல் சப்நெட் தானே மாறிக்கொள்ளும். 100 எண்ணும் மாறாது, எனவே ஐகானில் அதையே வைத்திருங்கள். வீட்டுக்குள்ளும் அதே ஐகான் வேலை செய்யும்.

#26 சிலந்தி72

ஸ்கோப் தாவலை இன்னைக்குத்தான் திறந்து பார்க்கிறேன். என்னோடதுல "எனி"ன்னு இருக்கு. மாத்திட்டேன்.